நாலாம் மேசைச் சீட்டுகள்

இருளப்பனுக்குப் புலியைக் கண்டால் பயமில்லை. ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தும் இதுவரை ஒரு புலியும் அவன் எதிரே வந்ததில்லை, அதனால். தேவகி எதிரே வருவாள். தினமும் வருவாள்.

கட்டிய மனைவியான அந்தத் தேவகியிடம்தான் போன தைப்பூசத்தன்று சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணியிருந்தான், இனிப் புது வியாபாரம் எதையும் தொடமாட்டேன் என்று. அதற்கு முன்னால் வண்ண மீன் வளர்த்தான், மீனெல்லாம் மிதந்தது. காளான் வளர்த்தான், அது பையில் முளைக்காமல் மெத்தையில் முளைத்தது. இன்னொன்று ஆரம்பித்தால் சாமானெல்லாம் பழைய இரும்பு லோரியில் ஏறும், கூடவே நீங்களும் ஏறிக்கொள்ளலாம் என்று தேவகி சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிற பொம்பளை.

ஆசை யாரை விட்டது? கூலிம் கம்பெனியில் பன்னிரண்டு மணி நேரம் மெஷின் இரைச்சலைக் கேட்கிறவனுக்கு, கல்யாண வீட்டில் பாட்டுப் போட்டு நாலு பேரை ஆட வைக்க வேண்டும் என்று வெறி. இரண்டு ஸ்பீக்கர், ஒரு மிக்ஸர், ஒரு மைக் வாங்கினான். சுங்கைப் பட்டாணி டவுனில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் கூட்டாளி லுக்மானின் ஸ்டோரில் வெங்காய மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்தான். ‘டிஜே இருள்’ என்று பேரும் வைத்துக்கொண்டான். முதல் அழைப்பும் வந்தது. திகாம் பத்து என்ற ஊரில் காளிதாசன் என்பவரின் மகள் கல்யாணம், ஞாயிற்றுக்கிழமை மதிய விருந்து.

தேவகியிடம் கம்பெனியில் ஓட்டி, கூடுதல் நேர வேலை என்றான். போயிட்டு வாங்க என்று சோறு கட்டிக் கொடுத்தாள். ஒரு கேள்வி கேட்கவில்லை.

மண்டபத்தில் காளிதாசன் ஒரே ஒரு கண்டிஷன் போட்டார். விருந்தாளிகள் பாட்டுக் கேட்டு அனுப்புகிற சீட்டை, எழுதியது எழுதியபடி மைக்கில் வாசித்துவிட்டுத்தான் பாட்டுப் போட வேண்டும். மூத்த மகள் கல்யாணத்தில் சம்பந்தி அனுப்பிய சீட்டு விட்டுப்போய், அவர்கள் பாயாசம் குடிக்காமலே பஸ் ஏறிவிட்டார்களாம். “ஒண்ணு விட்டாலும் என் மானம் போயிரும் தம்பி” என்று சொல்லிவிட்டு, காவலுக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

முதல் இரண்டு பாட்டு ஜோராகப் போனது. தெம்பு வந்து நிமிர்ந்து பார்த்தான். நாலாம் மேசையில் மயில்கழுத்து நிறத்தில் ஒரு பட்டுச்சேலை. சேலைக்குள் தேவகி. பக்கத்தில் அவள் அம்மா பாப்பம்மா.

ஐயோ சாமி! தொப்பியை இழுத்துவிட்டான், முகக்கவசம் மாட்டினான், கறுப்புக் கண்ணாடியும் போட்டான். போட்ட பிறகு மிக்ஸர் எது, தண்ணீர்ப் போத்தல் எது என்றே தெரியவில்லை. தடவித் தடவித் திருகியதில் சத்தம் ஏறி ஏறி இறங்கியது. இளவட்டங்கள் அதைப் புது ஸ்டைல் என்று நினைத்து எழுந்து ஆடின.

நாலாம் மேசையிலிருந்து சீட்டு வந்தது. குரலைத் தகர டப்பா மாதிரி மாற்றிக்கொண்டு வாசித்தான்: “ஞாயிற்றுக்கிழமையும் ஓய்வில்லாமல் ஓட்டி செய்யும் என் அன்புக் கணவர் இருளப்பனுக்காக இந்தப் பாட்டு. தேவகி.”

மண்டபமே பாவம் என்றது. நம்பியிருக்கிறாளே என்ற உறுத்தலும், கண்டுபிடித்தால் கொன்றே விடுவாளே என்ற பயமும் அவனுக்குள் ஒன்றாக ஏறின.

அடுத்த சீட்டு. ஒழுகுகிற கூரையை இந்த வாரமே இருளப்பன் மாற்றித் தருவதாகவும், ஞாயிறுதோறும் அவரே சமைப்பதாகவும் சந்தோஷச் செய்தி. இதெல்லாம் நான் எப்போது சொன்னேன் என்று வாய்வரை வந்தது. காளிதாசன் தொண்டையைச் செருமினார். வாசித்தான். கைதட்டல்.

மூன்றாவது சீட்டை அவளே எடுத்துக்கொண்டு வந்தாள்.

“நல்லா வாசிக்கிறீங்க தம்பி. இதையும் வாசிச்சிருங்க லா.”

“சரிங்கக்கா” என்றான், கட்டிய பெண்டாட்டியைப் பார்த்து.

சீட்டில், கணவர் கைப்பட எழுதியது, அப்படியே வாசிக்கவும் என்றிருந்தது. வாசித்தான்: “இருளப்பனாகிய நான், கெடாவிலேயே பிறந்தும் இன்னும் லங்காவித் தீவைப் பார்க்காத என் மனைவியை இந்தப் பள்ளி லீவுக்கு அங்கே கூட்டிப்போவேன். என் மாமியார் இனி எங்கள் வீட்டிலேயே இருப்பார். இது சத்தியம்.”

பாப்பம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்றைக்கு மாப்பிள்ளைக்குக்கூட அவ்வளவு கைதட்டல் கிடைக்கவில்லை.

மூன்று மணிக்குத் தாயும் மகளும் தாம்பூலப் பையோடு கிளம்பிப் போனார்கள். தேவகி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இருளப்பனுக்கு அப்போதுதான் உயிர் வந்தது, மூளையும் வேலை செய்தது. சொன்னது யார்? டிஜே இருள். இருளப்பன் கம்பெனியில் அல்லவா இருந்தான்? வீட்டுக்குப் போய், எவனோ வாசித்ததற்கு நானா பொறுப்பு என்று கேட்டால் போயிற்று. லங்காவியும் இல்லை, மாமியாரும் இல்லை. விசில் அடித்துக்கொண்டே வயரைச் சுருட்டினான்.

ஒரே ஒரு ஓட்டைதான் பாக்கி. காளிதாசனைத் தனியாகக் கூப்பிட்டு, முன்பணம் வாங்கும்போது சொன்ன தன் நிஜப் பேரை யாரிடமும் சொல்லிவிட வேண்டாம், குடும்பமே போய்விடும் என்று கெஞ்சினான்.

காளிதாசன் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

“நான் ஏன் தம்பி சொல்றேன்? எங்க வீட்டுக்காரர் நல்லா பாட்டுப் போடுவாரு, கூப்பிடுங்கன்னு உங்க நம்பரக் கொடுத்ததே தேவகிதானே. போகும்போதுகூட, நீங்க சத்தியம் பண்ணினத மட்டும் வீடியோக்காரர்கிட்டச் சொல்லித் தனியா வெட்டி வாங்கிட்டுப் போச்சு.”