முடிசூடா மன்னரின் ஒருக்கம்

பத்மநாபபுரத்தை எத்தனையோ ராஜாக்கள் ஆண்டிருக்கலாம். ஆனால் ஊர் முழுக்க ஒருமனதாக ஒப்புக்கொண்ட மன்னர் ஒருவர்தான். அவர் எங்கள் எதிர்வீட்டுக்காரர்.

அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருக்கலாம். தெருவில் யாருக்கும் தெரியாது. பின்கழுத்துக்கு மேலே மெல்லிய கோடு போல ஓடும் கொஞ்சம் முடியைத் தவிர, தலை முழுக்கப் பளபளப்பு. யாரோ 'முடிசூடா மன்னர்' என்று பெயர் வைத்தார்கள். நாளடைவில் அது சுருங்கி வெறும் மன்னர் ஆகிவிட்டது. ஒருமுறை வெளியூர்க் குடும்பம் ஒன்று ஆட்டோவில் ஏறி, மன்னர் வாழ்ந்த வீட்டைப் பார்க்கவேண்டும் என்று சொல்லியிருக்கிறது. ஆட்டோக்காரர் எந்தக் கள்ளமும் இல்லாமல் எங்கள் தெருவில் கொண்டுவந்து இறக்கிவிட்டார். மன்னரும் கதவைத் திறந்து, ஹாலைச் சுற்றிக் காட்டி, கட்டன்சாயாவும் ஏத்தங்காய் சிப்ஸும் கொடுத்து அனுப்பினார். அரண்மனை நினைத்ததைவிடச் சிறியது, ஆனால் உபசாரத்தில் குறை இல்லை என்று அவர்கள் சொல்லிப் போனதாகக் கேள்வி.

அவருக்கு வாழ்க்கையில் ஒரே லட்சியம்தான். முடி நடும் அறுவை சிகிச்சை. நான் அவரை அறிந்த நாள் முதல் அதற்குத் தயாராகிக்கொண்டே இருந்தார். தயாரிப்புக்கு எங்கள் பக்கத்தில் 'ஒருக்கம்' என்பார்கள். மன்னரின் ஒருக்கம் தெருவுக்கே பாடம். சிகிச்சைக்குப் பிறகு தலைவழியாகப் பனியன் மாட்டக்கூடாது என்று எங்கோ கேள்விப்பட்டதால் பட்டன் வைத்த சட்டை மட்டும்தான் போடுவார். முன்கூட்டியே சிகரெட்டை நிறுத்தவேண்டும் என்றார்களாம். அவருக்கு அந்தப் பழக்கமே கிடையாது. எதையுமே நிறுத்தாமல் போவது மரியாதையாக இருக்காது என்று வெற்றிலையை நிறுத்தினார்.

அவர் தேதி குறித்ததுதான் வேடிக்கை. இரணியல் பக்கம் அவருக்குக் கொஞ்சம் வயல் உண்டு. கன்னிப்பூ, கும்பப்பூ என்று எங்களுக்கு இரண்டு போகம். முடியையும் போகம் பார்த்துத்தான் நடவேண்டும் என்று அவர் உறுதியாக நம்பினார்.

"டீச்சரே, பின்தல நாற்றங்கால். முன்தல வயல். இங்கேருந்து பறிச்சு அங்க நடணும். சீசன் பாக்காம நட்டா பிடிக்குமா?"

நான் பள்ளியில் அறிவியல் நடத்துகிறவள். நாற்றுக்கும் முடிக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பேச்சிப்பாறை அணையில் தண்ணீர் எப்போது திறப்பார்கள் என்று விசாரித்தார். கன்னிப்பூ தவறினால் கும்பப்பூ என்பார். அதுவும் தவறினால் அடுத்த கன்னிப்பூ.

ஒருக்கத்தின் உச்சம் அவருடைய தூக்கம். சிகிச்சைக்குப் பிறகு தலையை உயர்த்தி மல்லாந்து தூங்கவேண்டுமாம். அதற்குப் பழகுவதற்காக மத்தியானங்களில் முற்றத்தில் சாய்வுநாற்காலி போட்டு, கழுத்தைச் சுற்றி ஒரு தலையணை வைத்துக்கொண்டு கண்ணை மூடிவிடுவார். அந்தத் தூக்கத்தில் அவருக்குக் கனவுகள் வரும். எழுந்ததும் நேரே எங்கள் வீட்டுக்கு வந்து சொல்லிவிடுவார்.

"அணைக்கட்டு மேல நிக்கேன் டீச்சரே. காத்துன்னா காத்து. முடி ஒக்க கண்ணுல விழுந்து வெள்ளமே தெரியல்ல. ஒதுக்க ஒதுக்க விழுகு. என்ன தொந்தரவு, கேட்டியளா?"

அந்தத் தொந்தரவைச் சொல்லும்போது அவர் கண் பாதி மூடியிருக்கும். இல்லாத முடியை ஒரு கை ஒதுக்கிக்கொண்டிருக்கும். கேட்கிற எனக்கும் முகத்தில் ஈரக்காற்று படுவதுபோல இருக்கும்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டு கேட்ட எனக்கு, என் வீட்டிலேயே அந்தக் கவலை வந்தது. என் மகன் சுஜினுக்குக் கல்லூரி முடியும் முன்பே நெற்றி ஏறத் தொடங்கிவிட்டது. மார்த்தாண்டத்தில் பார்த்த பெண் வீட்டார், போட்டோவில் இருந்த முடி நேரில் இல்லையே என்று நாசூக்காகச் சொல்லி அனுப்பினார்கள். அதன்பிறகு பைக்கை நிறுத்திவிட்டு ஹெல்மெட்டோடுதான் வீட்டுக்குள் வருவான். முடி கலையும் என்று ஃபேன் போட விடமாட்டான். மஸ்கட்டில் இருக்கும் அவன் அப்பாவோ, ஹெல்மெட்டோடேயே தாலி கட்டட்டும் என்று போனில் யோசனை சொன்னார். பையன் அன்று சாப்பிடவில்லை.

திருவனந்தபுரத்தில், மன்னர் அடிக்கடி சொல்லும் மருத்துவமனையில் முடி நட நாள் குறித்தான். அவனுக்கு ஊசி என்றால் சிறுவயதிலிருந்தே நடுக்கம். இதில் தலை முழுக்க மரப்பு ஊசி போடுவார்களாம். எனக்கு அதைவிட நடுக்கம். உயிரோடு முழுசாக இருக்கிற பிள்ளையை முடிக்காக ஒரு மேசையில் படுக்கவைப்பதா? வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. கண்ணாடி முன்னால் அவன் நிற்கும் நிலையை நான்தானே தினமும் பார்க்கிறேன்.

கடைசியில் அவன் மன்னரிடம் போய் நின்றான். "மாமா, பக்கத்து பெட்ல நீங்களும் படுத்தா நான் போறேன்."

இத்தனை வருஷம் காத்திருந்தவர் துள்ளிக் குதிப்பார் என்று நினைத்தேன். மன்னர் தன் பின்தலையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "அதுக்கென்னலே மக்கா. கும்பப்பூ சீசன்தானே. ரெண்டு பேருமா நட்டுட்டு வருவோம்" என்றார்.

இரணியலில் ரயில் ஏறினோம். இரண்டு பேருக்கும் ஒரே துணியில் பட்டன் சட்டை தைத்திருந்தார் மன்னர். பேண்டு வாத்தியக்காரர்கள் போல என் இரு பக்கமும் உட்கார்ந்து வந்தார்கள்.

மருத்துவமனையில் பச்சை அங்கி கொடுத்து சுஜினை உள்ளே கூட்டிப்போனார்கள். மன்னர் டாக்டர் அறைக்குள் நுழைந்து ஏதோ குசுகுசுவென்று பேசி, தானும் ஒரு அங்கியை மாட்டிக்கொண்டு பின்னாலேயே போனார். எனக்கு ஒரே ஆச்சரியம். இவருக்கு ரத்தப் பரிசோதனைகூட எடுக்கவில்லையே என்று நர்ஸிடம் கேட்டேன்.

"அங்கிளோ? அங்கிள் எல்லா கொல்லமும் வருமல்லோ" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

வருஷாவருஷம் வருவாராமே என்று யோசிக்கும்போதே உள்ளே சத்தம். அதே நர்ஸ் வெளியே ஓடி வந்தாள், ஏதோ எடுத்துக்கொண்டு திரும்ப ஓடினாள். அந்தச் செருப்புச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. சமையல் செய்யும்போதுகூடத் திடீரென்று கேட்கிறது. ஊசி போட்டதும் பிள்ளைக்கு ரத்த அழுத்தம் இறங்கி மயக்கமாகிவிட்டது. காலைத் தூக்கிப் பிடித்தார்கள் என்று பிறகு சொன்னார்கள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதுதான் எனக்குத் தெரியும்.

மயங்கிக் கிடந்தவனுக்குத் தூரத்தில் ஒரு குரல் கேட்டதாம். அணைக்கட்டு, காற்று, கண்ணில் விழும் முடி. பக்கத்துப் படுக்கையிலிருந்து கையைப் பிடித்தபடி மன்னர் கனவு சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டே கண் விழித்தேன் அம்மா என்றான் சுஜின்.

அவன் தேறி, டாக்டர் முடி நடும் வேலையை மறுபடி தொடங்கியதும் மன்னர் வெளியே வந்தார். அங்கியைக் கழற்றி மடித்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எனக்க நாற்றங்கால்ல நாத்து இல்ல டீச்சரே. முதல்ல வந்தப்பவே டாக்டர் சொல்லியாச்சு. சும்மா அவன் பக்கத்துல படுக்கத்தான் விடச் சொன்னேன்."

"பின்னே எதுக்கு அண்ணாச்சி வருஷாவருஷம் வாறிய?"

"நடுகதுக்கு முன்னால உள்ள ஒருக்கம் இருக்கே, அதுதான் சுகமாக்கும். அதை எதுக்கு விடணும்?"

பிள்ளை நல்லபடியாக வந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமையே, நாங்கள் கும்பிடும் அய்யாவின் கோயிலான நிழல்தாங்கலில் கொண்டுவந்து நிறுத்துகிறேன் என்று, சுவரைப் பிடித்து நின்ற நேரத்தில் நேர்ந்திருந்தேன். எங்கள் அய்யாவழியில் ஆண்கள் தலைப்பாகை கட்டித்தான் தாங்கலுக்குள் போகவேண்டும். அது கிரீடம் மாதிரி. கட்டியவர்கள் எல்லோரும் அங்கே ராஜாக்கள். பிறந்ததிலிருந்து இதைப் பார்க்கிற எனக்கு, நேர்ந்துகொண்டபோது மட்டும் தலைப்பாகை நினைவில் வரவில்லை. நட்ட முடியில் ஒரு துண்டுகூடப் படக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

சுஜின் வாசல் வேப்பமரத்தடியிலேயே நின்றுவிட்டான். நெற்றி வீங்கி, தலையெல்லாம் சிவப்புப் புள்ளிகள். வருகிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவன் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அப்போது காவித் தலைப்பாகையோடு மன்னர் வந்தார். தாங்கலில் அவர் தலைப்பாகை இல்லாமல் நின்று யாரும் பார்த்ததில்லை. உள்ளே சிலைக்குப் பதிலாக இருக்கும் கண்ணாடியில் அந்தக் கோலத்தைப் பார்க்கத்தான் வாராவாரம் வருகிறார் என்று தெருவில் கேலி செய்வார்கள். சுஜினைப் பார்த்தார். தலைப்பாகையை நிதானமாக அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு அவன் பக்கத்தில் போய் நின்றார். வெயில் அந்தத் தலையில் விழுந்து மின்னியது.

"மாமா, நீங்க உள்ள போங்க. எனக்காட்டு நிக்காண்டாம்."

"உள்ள நிக்கவன் எல்லாம் ராஜாவாக்கும். வெளிய நிக்க ராஜாவுக்கு ஒரு துணை வேண்டாமாலே?"

உள்ளே பணிவிடை என்கிற வழிபாடு முடியும்வரை இருவரும் மரத்தடியில் நின்றார்கள். கடைசியில் பிள்ளை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான்.

இப்போது சுஜின் தலையில் முளை விட்டிருக்கிறது. வீட்டில் ஃபேன் முழு வேகத்தில் ஓடுகிறது. நேற்று பேச்சிப்பாறையில் தண்ணீர் திறந்துவிட்டார்கள். மன்னர் கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்து, இந்தக் கன்னிப்பூவை விடப்போவதில்லை என்றார். நாற்றங்காலில் நாற்று இல்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எப்போது புறப்படவேண்டும் அண்ணாச்சி என்று மட்டும் கேட்டேன். ஊசியைக் கையில் எடுத்தால் அந்தச் செருப்புச் சத்தம் இன்னும் கேட்கிறது. ஆனாலும் அவர் சட்டையில் தளர்ந்திருந்த பட்டனை நான்தான் தைத்துக் கொடுத்தேன்.