அரைமூட்டை டாக்டர்

எழுபதுகளில் தூத்துக்குடித் துறைமுகத்தில் முறிந்த எலும்புகள் எல்லாம் மூன்றே நாளில் கூடின. உலகத்தில் வேறெங்கும் நடக்காத இந்த அதிசயத்துக்குச் சான்றிதழ்கள் இருந்தன. அவற்றைக் கட்டுக்கட்டாக அடுக்கி வைத்தவன் நான். தொழிலாளர் நஷ்டஈட்டு ஆணையர் அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்தேன். கையெழுத்துப் போட்டவர் அரைமூட்டை டாக்டர்.

கப்பலுக்குச் சரக்கு ஏற்றும் ஒரு கம்பெனிக்கு அவர் டாக்டர். மூன்று நாளுக்கு மேல் வேலை செய்ய முடியாமல் போனால்தான் நஷ்டஈடு என்பது சட்டம். ஆகவே மூன்றாம் நாள் குணமாகிவிட வேண்டும் என்பது கம்பெனியின் விருப்பம். டாக்டருக்கோ ஸ்டெதஸ்கோப்பில் நம்பிக்கை கிடையாது. டிஸ்பென்சரி மூலையில் அரை மூட்டை உப்பு வைத்திருந்தார். அதைத் தரையிலிருந்து பெஞ்சுக்கு ஏற்றினால் ஆள் வேலைக்குத் தகுதி. பல்வலிக்காரனுக்கும் அதே சோதனைதான்.

ஐப்பசியில் உப்பு ஈரம் இழுத்துக் கனத்துவிடும். அந்த மாதம் மட்டும் ஒருவருக்கும் குணமாகாது. இதென்ன தொற்றுநோய் என்று கேட்டு மேலிடத்திலிருந்து கடிதம் வந்ததாம். "மழை" என்று ஒரே சொல்லில் டாக்டர் பதில் எழுதினாராம்.

சவேரி வெயில் காலத்தில் வந்து மாட்டினான். தோணியில் மூட்டை ஏற்றும்போது பலகை வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டான். டாக்டர் மாவுக்கட்டுப் போட்டார். மூன்றாம் நாள் அவரே அவிழ்த்தார்.

"தூக்குலே."

"வலி உசிரு போவுது, டாக்டரய்யா."

"அப்போ தூக்காத. வீட்ல கெட."

வீட்டில் கிடந்தால் மேஸ்திரி வேறு ஆளைப் போட்டுவிடுவார். சவேரி இடது கையாலும் முழங்காலாலும் முட்டுக்கொடுத்து மூட்டையைப் பெஞ்சில் ஏற்றினான். டாக்டர் கையைப் பார்க்கவில்லை, மூட்டையைத்தான் பார்த்தார். கையெழுத்துப் போட்டார். வேலைக்குப் போன கை இரண்டே மாதத்தில் கோணிக்கொண்டது. அதன் பிறகு அவனால் ஒரு கயிற்றைக்கூடப் பிடித்து இழுக்க முடியவில்லை.

வழக்கு எங்களிடம் வந்தது. கம்பெனி வக்கீலின் வாதம் எளிமையானது: சவேரி தானே கட்டை அவிழ்த்துக்கொண்டான். டாக்டர் பேச்சைக் கேளாமல் கெடுத்துக்கொண்ட கைக்குச் சட்டம் இரங்காது. டாக்டர் ஒரு "ஆமாம்" சொன்னால் போதும், சவேரி வெறுங்கையோடு வீட்டுக்குப் போகலாம்.

சாட்சி சொல்ல வந்த டாக்டர் பியூனிடம் சொல்லி அந்த மூட்டையையும் கொண்டுவந்து நடுவில் இறக்கவைத்தார்.

"இது என்ன?" என்றார் ஆணையர்.

"என் ஸ்டெதஸ்கோப், சார். கம்பெனி மானேஜர் கொஞ்சம் தூக்கிப் பாக்கட்டும்."

நடைமுறை விதிகளில் உப்பு மூட்டைக்கு இடமில்லை என்று ஆணையர் காதில் சொன்னேன். "தூக்கட்டும்வே" என்றார் அவர்.

மானேஜர் முக்கினார். மூட்டை அசைந்ததோடு சரி.

"இவுகளுக்கு ரெண்டு கையும் நல்லாத்தான் இருக்கு. முடியல. அவன் ஒடிஞ்ச கையோட தூக்கினான். அத வச்சு கை சரியாயிட்டுன்னு எழுதினவன் நான். கட்டை அவுத்ததும் நான்தான். அவன் நான் சொன்னதத்தான் செஞ்சான்."

"இத எழுதிக்கிட்டா உம்ம வேலை போயிரும், தெரியுமா?" என்றார் ஆணையர்.

"தெரியும் சார். தெளிவா எழுதச் சொல்லுங்க."

தெளிவாகத்தான் எழுதினேன்.

கம்பெனி கொடுத்த வைத்தியத்தால் வந்த கேடும் வேலையில் பட்ட காயத்தின் தொடர்ச்சியே என்று தீர்ப்பானது. சவேரி ஜெயித்தான். கை கோணலாகவே இருந்தது. தீர்ப்புகள் எலும்பை நிமிர்த்துவதில்லை. வேலை போன டாக்டர் மூட்டையோடு சாத்தான்குளத்துக்குப் பஸ் ஏறினார். கண்டக்டர் அதற்கு லக்கேஜ் டிக்கெட் கிழித்தாராம்.

சில வருடம் கழித்துத் தோள்வலியோடு அவருடைய கிளினிக்கைத் தேடிப் போனேன். மூலையில் அதே மூட்டை. வழக்கம் தெரிந்தவனாயிற்றே என்று குனிந்தேன்.

"அதத் தொடாதீரும். அது எனக்கு. தெனமும் காலைல தூக்கிப் பாப்பேன். தூக்க முடிஞ்சாத்தான் அடுத்தவன் மேல கை வைப்பேன்."

"இன்னைக்கு?"

"நேத்து நல்ல மழைவே. முடியல. நாளைக்கு வாரும்."

அதே தெருவில் இன்னொரு நல்ல டாக்டர் இருந்தார். நான் தோள்வலியோடு ஊர் திரும்பி, மறுநாள் முதல் பஸ்ஸில் இவரிடமே வந்தேன்.