முன்வரிசைக்கு இரண்டு பாட்டு

"என் மிக்சர்ல கண்ட ஒயரையும் சொருக முடியாதுங்க," என்று மைக் செட் ஜெப்சன் சொன்னபோது, வெள்ளக்கடை மாரியம்மன் பண்டிகையின் பாட்டுக் கச்சேரி தொடங்க இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

"கண்ட ஒயரா? நேத்து போன்ல சரின்னீங்களே!" என்றாள் நந்தினி.

"நேத்து சரிங்க. இன்னிக்கு சேலத்துல இருந்து பாட வந்திருக்காங்க. கொய்ங்னு ஒரு சத்தம் வந்தாப் போச்சு, அடுத்த பண்டிகைக்கு என்னையக் கூப்பிட மாட்டாங்க."

நந்தினிக்கு மூக்கு நுனியில் கோபம் என்று ஊரில் சொல்வார்கள். அது பொய். நுனியில் வந்து நிற்கிற பொறுமையெல்லாம் அந்தக் கோபத்துக்குக் கிடையாது.

ஆனால் இன்றைய கோபத்துக்கு நியாயம் இருந்தது. அவளுடைய அண்ணன் சந்தோஷுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. போன பண்டிகையில் கச்சேரி பார்க்க வந்தவனைக் கமிட்டித் தலைவர் கருப்பண்ணன் தோளில் கைபோட்டு அழைத்துப் போய், செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார். காதுதான் கேட்காதே, செருப்பையாவது பார்த்துக்கொள்ளட்டுமாம். ஒரு செருப்பும் தொலையவில்லை. அதற்காக அவனுக்கு மைக்கில் நன்றி வேறு சொன்னார்கள். மைக்கில்!

சேலத்தில் ஒரு கம்பெனியில் ஆப் எழுதுகிற நந்தினி அந்த வாரமே வேலையைத் தொடங்கினாள். மேடைப் பாட்டை வாங்கி, அதே தாளத்தில் போனை அதிர வைக்கிற ஆப். திரையில் கலர் கலராக வெளிச்சமும் வரும். அதை நம்பித்தான் சந்தோஷ் மாரமங்கலத்திலிருந்தும் மஞ்சக்குட்டையிலிருந்தும் காது கேளாத நண்பர்களை ஜீப்பில் அழைத்து வந்திருந்தான்.

ஒயர் இல்லாவிட்டால் போகட்டும், காலர் மைக் இருக்கிறது. பெட்டியில் ஜோடியாக வருவது. ஒன்றைத் துப்பட்டாவில் குத்திக்கொண்டு "ஹலோ, ஹலோ" என்றாள், அண்ணன், நண்பர்கள் கையிலிருந்த போன்கள் அதிர்ந்தன. இன்னொன்றை ஸ்பீக்கர் பெட்டியில் டேப் போட்டு ஒட்டினாள். திரும்பிப் பார்த்தால், முன்வரிசையில் உட்கார வைத்திருந்த ஒருவரையும் காணோம். எல்லாரும் கடைசி வரிசையில், ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் இருந்தார்கள்.

"கோவிச்சுக்காத கண்ணு," என்றார் கருப்பண்ணன். "எஸ்டேட்டுல கணக்கு எழுதற ரைட்டர் ஊட்டுக்காரங்க வந்திருக்காங்க. காது கேக்காதவங்களுக்கு முன்னால சேரு எதுக்கு?"

மேடையில் சாமி பாட்டு தொடங்கிவிட்டது. நந்தினியும் தொடங்கினாள்.

"ஏனுங்க, கண்ணு தெரியாதவங்க வந்தா கோயிலுக்குள்ள உடமாட்டீங்களா? போன வருசம் செருப்பு, இந்த வருசம் ஜெனரேட்டரு, அடுத்த வருசம் அண்டா கழுவ உடுவீங்களா? வரி வாங்கறப்ப மட்டும் எங்க ஊட்டு வாசல் தெரியுதுங்களா?"

கடைசி வரிசையில் முகங்கள் மலர்ந்தன. போன்கள் துள்ளிக்கொண்டிருந்தன. ஆப் வேலை செய்கிறது என்று அவளுக்குப் பாதி உயிர் திரும்பியது.

கூட்டம் மேடையை விட்டுவிட்டுத் தன்னைப் பார்ப்பதைக் கண்ட கருப்பண்ணன் இறங்கி வந்தார். "செரி, இன்னும் ரெண்டு பாட்டு. அதுக்குள்ள உன்ற மிசினு வேல செஞ்சா முன்வரிசை உங்களுக்கு. இல்லீன்னா காலி பண்ணிரோணும்."

ரைட்டர் வீட்டார் முணுமுணுத்தபடி எழுந்தார்கள். சந்தோஷும் நண்பர்களும் ஸ்பீக்கருக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்கள்.

அடுத்த பாட்டு ஆரம்பித்தது. நந்தினி வாயை இறுக மூடி, மாரியம்மனை வேண்டிக்கொண்டு நின்றாள். போன்கள் செத்துக் கிடந்தன. சந்தோஷ் ஒரு கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, போன் பிடித்த கையை 'இல்லை' என்று ஆட்டினான். அவள் ஆப்பில் அதிர்வை உச்சத்துக்குக் கூட்டிவிட்டு ஜெப்சனிடம் ஓடினாள்.

"ஸ்பீக்கரக் கொறச்சு வெச்சிட்டீங்களா? நல்லா இருப்பீங்களா நீங்க?"

"நான் தொடவே இல்லீங்க!"

"தொடாமயே நாசம் பண்ணுவீங்க நீங்க!"

முன்வரிசையில், மாரமங்கலத்து நண்பர் வேடியப்பனின் கையிலிருந்த போன் துள்ளி மடியில் விழுந்தது. ஐயோ, அதிகமாகிவிட்டதே என்று ஓடிவந்து குறைத்தாள். மூச்சுவிடாமல் பார்த்தாள். அசைவே இல்லை. பாட்டு முடிந்தது. கருப்பண்ணன் தூரத்திலிருந்தே ஒரு விரலைக் காட்டினார்.

கடைசிப் பாட்டு. அதிர்வை மறுபடி உச்சத்தில் வைத்தாள். பாட்டு சூடுபிடித்தபோது பொசுக்கென்று கரண்ட் போய்விட்டது. மேடை அமைதியானது. ஜெனரேட்டர்காரர் டீ குடிக்கப் போயிருந்தார்.

"கரண்டும் போச்சு, ரெண்டு பாட்டும் போச்சு," என்று டார்ச்சோடு வந்தார் கருப்பண்ணன். "எந்திரிக்கச் சொல்லு சாமி."

அவ்வளவுதான்.

"எந்திரிக்க முடியாதுங்க! உங்க ஜெனரேட்டர் கெட்ட கேட்டுக்கு எங்கண்ணன் எந்திரிக்கோணுமா? அவங்களுக்குக் கேக்கலீன்னு யாரு வருத்தப்பட்டா? உங்களுக்கெல்லாம் கண்ணும் இல்லியே, மனசும் இல்லியே, அதுக்கு யாரு ஆப் எழுதறது?"

இருட்டில் முன்வரிசை முழுக்கச் சிவப்பும் பச்சையுமாக வெளிச்சம் குதித்தது. சந்தோஷ் எழுந்து ஆடினான். வேடியப்பன் விசிலடித்தார். ஜீப்பில் வந்த அத்தனை பேரும் கையைத் தூக்கி ஆடினார்கள்.

ஜெப்சன் தலையைச் சொறிந்தார். "ஏனுங்க, பாட்டே இல்லியே. இவங்க எதுக்குங்க ஆடறாங்க?"

நந்தினி வாயை மூடினாள். ஆட்டம் நின்றது.

"என்னது?" என்றாள் மெதுவாக. எல்லாப் போன்களும் லேசாகச் சிலிர்த்தன.

குனிந்து பார்த்தாள். துப்பட்டாவில் குத்திய மைக் பொட்டுப் போலச் சிவப்பாக மின்னிக்கொண்டிருந்தது. ஸ்பீக்கரில் ஒட்டிய மைக்கைப் பிய்த்துப் பார்த்தாள். அதை அவள் ஆன் செய்யவே இல்லை.

கருப்பண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அப்ப இத்தன நேரம் உன்ற கச்சேரிதானா கண்ணு? செரி செரி, சேரக் காலி பண்ணுங்க."

நந்தினிக்குக் கண் நிறைந்துவிட்டது. ஒரு வருட உழைப்பு. அண்ணனை ஊர் முன்னால் கோமாளியாக்கிவிட்டாளே! மைக்கைக் கழற்றி எறியத் துப்பட்டாவில் கைவைத்தாள்.

சந்தோஷ் பாய்ந்து அவள் கையைப் பிடித்தான். பிறகு பக்கத்தில் நின்ற மனைவி இலக்கியாவிடம் படபடவென்று சைகையில் பேசினான். அவளுக்குக் காது கேட்கும்; இதுவரை வாயே திறக்காமல் அவர்களோடு ஆடிக்கொண்டிருந்தவள், முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி நாத்தனாரிடம் சொன்னாள்:

"முன்னால வந்து உக்காந்ததுமே ஸ்பீக்கர் பாட்டு நெஞ்சுல அடிக்க ஆரம்பிச்சுருச்சாம் கண்ணு, அதுக்குப் போனே வேண்டாமாம், போன்ல வர்றது நீ சண்ட போடறதுன்னு எல்லாருக்கும் அப்பவே தெரியுமாம், அதனால மைக்கக் கழட்டாம தலைவருகிட்ட இன்னொருக்காச் சண்டைக்குப் போவச் சொல்றாங்க."