எலி கடிக்காத எலிப்புண்

கற்பிட்டி,
ரஜப் மாதம், 1938.

அன்பும் மரியாதையும் நிறைந்த மச்சான் இஸ்ஸதீன் அவர்களுக்கு, ஹயாத்து முகம்மது ஸலாம் கூறி எழுதுவது. அல்லாஹ்வின் காவலில் இங்கே நானும் மகள் அஸீஸாவும் சுகம். உங்கள் தங்கை உம்மு குல்சூமும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை மையில் தொட்டேன். கை ஓட மாட்டேன் என்கிறது. ஆகையால் உள்ளதை எழுதுகிறேன், ஒரு கதிரையில் உட்கார்ந்து வாசியுங்கள்.

சென்ற வருஷம் நீங்கள் வந்தபோது அவளுடைய இடக்கண்ணின் கீழ் இமையில் ஒரு சிறு பரு இருந்ததே, "கண்கட்டிதான், தன்பாட்டில் போகும்" என்று நீங்களும் சொன்னீர்களே, அது போகவில்லை. நடுவில் குழிந்து, ஓரம் முத்துப்போல் தடித்து, காய்வதும் கசிவதுமாக நின்றது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்குத்தர் துரை பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, எங்கள் முகத்தைப் பார்க்காமல் இங்கிலீசில் இரண்டு சொல் சொன்னார். பதிவு எழுதுகிற அன்ரனிப்பிள்ளை அதைத் தமிழாக்கினார். "எலிப்புண் எண்டு சொல்றார். வீட்டில எலி இருக்கோ?" நான் கருவாட்டு வியாபாரி மச்சான், வேறு என்ன சொல்வேன்? "கருவாடு அடுக்கிற கிட்டங்கில எலி இல்லாம ஈக்குமா? பூனையவே வெரட்டுதே!" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. அன்ரனிப்பிள்ளை "ஓம், ஓம்" என்று தலையாட்டிக்கொண்டே ஒரு தடித்த புத்தகத்தைப் புரட்டினார். உலகத்து நோய்க்கெல்லாம் அதில் இலக்கம் போட்டு வைத்திருக்கிறார்களாம். எலிக்கடிக்கும் ஓர் இலக்கம் இருக்கிறதாம். அந்த இலக்கத்தை எழுதிக் கொழும்புக் கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்.

கொழும்பிலிருந்து மறுமொழி வந்தது, குல்சூமுக்கு அல்ல, எலிகளுக்கு. எலி கடித்தவர்களைக் கண் ஆஸ்பத்திரியில் எடுப்பதில்லையாம், முதலில் ஊரில் எலியைப் பிடிக்கட்டுமாம். ஊர்ச் சுகாதாரம் பார்க்கிற சனிட்டரி ஐயா ஆட்களோடு வந்து கிட்டங்கியைப் பூட்டி, நிலத்தைக் கிண்டி, கந்தகப் புகை போட்டார். சிலாபத்திலிருந்து கருவாடு வாங்க வந்தவன் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போனான். பிறந்தது முதல் கருவாட்டுக்குள்ளேயே கிடந்தவன் மச்சான் அவன்! ஊரில் பிளேக் வந்துவிட்டது என்று கதை கட்டிவிட்டார்கள். நாங்கள் கொடுத்த கந்தூரிச் சோற்றை அடுத்த வீட்டார்கூடத் தொடவில்லை. நானும் சும்மா இருக்காமல் ஓர் எலிக்கூடு வாங்கிக் கட்டிலுக்குக் கீழே வைத்து, ஒவ்வொரு நாளும் மஃரிப் தொழுகைக்குப் பிறகு தேங்காய்த் துண்டு சுட்டு மாட்டினேன். உங்கள் தங்கையோ, "என்ட கண்ணத் திண்டே அதுக்கு வயிறு நெறஞ்சிரிக்கும், தேங்கா என்னத்துக்கு?" என்று சிரித்தாள். நானும் கூடச் சிரித்தேன். இப்போது அதை நினைத்து என்னையே ஏசிக்கொள்கிறேன்.

ஏனென்றால் போன கிழமை, மாற்றலாகி வந்திருக்கிற யாழ்ப்பாணத்து டாக்குத்தர் என்னைத் தனியே கூப்பிட்டார். "எலி கடிக்கேல்லை. எலி அரிக்கிற மாதிரிச் சதையை அரிக்கிறதால வெள்ளைக்காரர் அப்பிடிப் பேர் வைச்சவங்கள். இது இமைத்தோலில வாற புற்று. அப்பவே வெட்டியிருந்தா இமையோட போயிருக்கும்" என்றார். நான் அங்கேயே வாங்குப் பலகையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன் மச்சான். ஒரு பெயரை நம்பி இத்தனை மாதம் எலி பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேனே! இலக்கத்தை மாற்றச் சொல்லி அன்ரனிப்பிள்ளையிடம் ஓடினேன். அவருக்கும் கண் கலங்கிவிட்டது, நல்ல மனிதர்தான். ஆனாலும், "கொழும்புக்குப் போன இலக்கத்தை இஞ்ச இருந்து வெட்டேலாது, அங்க ஆராவது நேர போகோணும்" என்கிறார்.

ஆகையால் புது டாக்குத்தர் எழுதித் தந்த துண்டை இதனுடன் வைத்திருக்கிறேன். கொழும்பிலேயே இருக்கிற நீங்கள் உடனே அந்தக் கண் ஆஸ்பத்திரிக்குப் போய் எலியை வெட்டிப் புற்று என்று எழுதுவித்து, அவளுக்கு ஒரு கட்டில் கேளுங்கள். இன்னொன்று, குல்சூமுக்கு இது தெரியாது, தெரியவும் கூடாது. உங்கள் மகனுக்குச் சுன்னத்துக் கலியாணம் என்று சொல்லிப் புத்தளத்தில் ரயிலேற்றி விடுகிறேன். அவனுக்குப் போன வருஷமே செய்தாயிற்று, அவளும் வந்து சோறு தின்றாள் என்பது எனக்குத் தெரியும். வேறு காரணம் வாயில் வரவில்லை. அவள் பயந்தவள். இப்போதே மனம் சரியில்லை. சில நாளாக அந்தக் கண்ணை முந்தானையால் பொத்திக்கொண்டு அடுப்படியில் தடவித் திரிகிறாள், நூல் கோக்கப் போய் விரலில் ஊசியைக் குத்திக்கொள்கிறாள். கேட்டால் வெளிச்சம் கூசுகிறதாம். அவளுக்குச் சந்தேகம் வரக்கூடாது என்று எலிக்கூட்டை இன்னும் வைக்கிறேன். விடிந்து பார்த்தால் தேங்காய் இருப்பதில்லை, எலியும் இருப்பதில்லை. அப்போதெல்லாம் அந்த டாக்குத்தர் பிழையாகச் சொல்லியிருப்பாரோ என்று எனக்கே ஓர் ஆசை வந்துவிடுகிறது.

அவளுக்கு அரபு எழுத்தில் எழுதுகிற அரபுத்தமிழ் மட்டும்தான் வாசிக்கத் தெரியும். அதனால் பயமில்லாமல் இதை அவள் கையிலேயே கொடுத்துச் சோற்றுப் பசையால் ஒட்டச் சொல்லப்போகிறேன். மச்சிக்கும் பிள்ளைகளுக்கும் ஸலாம். உங்கள் வாசற்படியை வருத்தம் மிதிக்காமல் அல்லாஹ் காப்பானாக.

இப்படிக்கு,
தங்கள் மச்சான்
ஹயாத்து முகம்மது

பி.கு.: நானா, இது ஒங்கட தங்கச்சி குல்சூம். அஸீஸா பாடம் படிக்கக்குள்ள பக்கத்தில குந்தி நானும் தமிழெழுத்துப் படிச்சிட்டன், அவருக்குத் தெரியாது. இது எலி இல்லண்டு எனக்கு மொத நாளே தெரியும். டாக்குத்தர் என்ட மொகத்தப் பாக்கல்லயே. மறுகா ஆஸ்பத்திரி நேர்ஸ் பவுலினாக்கிட்டக் கேட்டன். இனிக் கண்ணையும் சேத்துத்தான் எடுக்கணுமாம். அத அவருக்கிட்டச் சொல்லிராதீங்க, தாங்க மாட்டாரு. எனக்கு வெளிச்சம் கூசல்ல நானா, ஒத்தக் கண்ணால சோறாக்கிப் பழகுறன். ஒங்கட மகனுக்கு ரெண்டாந்தரம் சுன்னத்துக்கு நான் கட்டாயம் வாறன். ஒரு கவலதான். கூட்டில மாட்டுற தேங்காயச் சுபஹுத் தொழுகைக்கு எழும்பி நான்தான் எடுத்து எறியிற. எலி வந்திட்டுப் போனதா நெனச்சா அவருக்குக் கொஞ்சம் மனசு ஆறுது. நான் அங்க வந்த பொறகு அத யாரு எடுக்கிற?