உண்மைக் குண்டும் ஒரு துண்டும்

காவல் நிலையத்துக்கு வெளியே கூட்டம் அலைமோதியது. நீதி கேட்டு வந்த கூட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். காணாமல் போன மோதிரம், ஓடிப்போன மருமகன், கிடைக்காத வேலை என்று ஆளுக்கொரு குறையோடு ஊசலாரைப் பார்க்க வந்த கூட்டம் அது.

ஊசலார் யார் என்கிறீர்களா? நூலில் ஒரு பித்தளைக் குண்டைக் கட்டி, சந்தேகப்பட்டவனின் உள்ளங்கைக்கு மேலே தொங்கவிடுவார். குண்டு சும்மா இருந்தால் யோக்கியன். ஆடினால் திருடன். சாட்சி வேண்டாம், விசாரணை வேண்டாம், செருப்புத் தேய அலைய வேண்டாம். இன்ஸ்பெக்டருக்கு வேறென்ன வேண்டும்? நிலையத்திலேயே ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்துவிட்டார்.

அந்த நாற்காலிக்கு எதிரே கைகட்டி நின்றுகொண்டிருந்தார் வலைப்பதிவர். பிழைப்புக்கு ஜெராக்ஸ் கடை, ஆசைக்கு வலைப்பதிவு. அவர் எழுதுவதை அவர் மனைவிகூடப் படிப்பதில்லை. ஆனால் முந்தாநாள் எழுதியதை ஊரே படித்துவிட்டது. கடைத்தெருவில் ஒரு டிவி திருடு போக, குண்டு ஆடியது என்ற ஒரே காரணத்துக்காக அந்தக் கடைக் காவலாளியை உள்ளே போட்டிருந்தார்கள். காவலாளி, பதிவரின் மாமனார். ‘குண்டு ஆடினால் குற்றவாளியா?’ என்று மருமகன் எழுதினார். அழைத்துப் போக ஜீப்பே வந்தது.

“இதை எழுதினது நீதானே?” இன்ஸ்பெக்டர் கைப்பேசியை நீட்டினார்.

“ஆமா சார்.”

“போலீஸையே கிண்டல் பண்ற அளவுக்கு வந்துட்டியா? உன்னையும் உள்ள தள்ளட்டுமா?”

பதிவர் வாசல் பக்கம் பார்த்தார். ‘அப்பா இல்லாம வீட்டுப் பக்கம் வந்துடாதீங்க’ என்று மனைவி வேறு சொல்லி அனுப்பியிருந்தாள். நின்றால் போலீஸ், போனால் பெண்டாட்டி. மனுஷன் எந்தப் பக்கம்தான் திரும்புவார், பாவம்.

கம்பிக்குப் பின்னாலிருந்து மாமனார் குரல் கொடுத்தார். “மாப்ளே, நான் வேலை நேரத்துல குறட்டை விட்டுத் தூங்குவேன்னு எழுதியிருக்கீங்களாமே. என் மானமே போச்சு.”

“தூங்கினவர் எப்படித் திருடியிருப்பார்னு கேக்கத்தான் மாமா எழுதினேன்.”

“அதுக்காக குறட்டையையுமா எழுதணும்?”

பயம் முற்றினால் சிலருக்குத் துணிச்சல் வந்துவிடும். பதிவருக்கும் வந்தது. “சார், ஒரே ஒரு சந்தேகம். சக்தி குண்டுக்கா, ஊசலாருக்கா?”

“அடியேன் கை வெறும் கொக்கி. ஆடுறது அதுவா ஆடுது” என்றார் ஊசலார், அடக்கமே உருவாக.

“அப்ப உங்க கண்ணைக் கட்டிட்டுப் பார்க்கலாமே.”

அடக்கம் ஆட்டம் கண்டது. “கண்ணைக் கட்டினா குண்டு கோவிச்சுக்கும்.”

“குண்டுக்குக் கட்டலைங்க, உங்களுக்குத்தான்.”

ஜன்னலில் தொற்றியிருந்த கூட்டம் சிரித்தது. இன்ஸ்பெக்டருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “கட்டுங்கய்யா. இன்னையோட இவன் கொட்டம் அடங்கட்டும்.”

நிலையத்தில் வழக்கு எழுதும் ரைட்டரம்மா தன் துண்டால் ஊசலாரின் கண்ணை இறுக்கிக் கட்டினார். மேஜைமேல் மூன்று கைகள் வைப்பது என்று பேச்சு. மாமனாரை வெளியே கூட்டிவந்தார்கள். ரைட்டரம்மாவும் கை வைத்தார். மூன்றாவது கைக்குப் பதிவர், “நீங்க வைங்க சார்” என்றார். அத்தனை பேர் பார்க்கும்போது மாட்டேன் என்று சொல்ல முடியுமா? இன்ஸ்பெக்டர் வைத்தார். யாரும் வாய் திறக்கக் கூடாது என்று சொல்லி, யார் எங்கே உட்காருவது என்பதைப் பதிவர் சைகையாலேயே மாற்றினார்.

முதல் கை. குண்டு அசையவில்லை. ஊசலார் காதைத் தீட்டிக்கொண்டு பார்த்தார். ஒரு இருமல்கூடக் கிடைக்கவில்லை. இரண்டாவது கை. குண்டு அசையவில்லை. மிச்சம் ஒன்றுதானே, இனி என்ன யோசனை? மூன்றாவது கைமேல் குண்டு சுழன்று சுழன்று ஆடியது, பார்க்கவே தலை சுற்றியது.

“இதோ, இதான் திருட்டுக் கை” என்று முழங்கினார் ஊசலார். “பழகின கை சார் இது. இது முதல் திருட்டா இருக்காது. இவனை மட்டும் விட்டுடாதீங்க.”

துண்டை அவிழ்த்தார்கள். மேஜைமேல் இருந்த கையிலிருந்து அவர் பார்வை மெல்ல மேலே ஏறியது. காக்கிச் சட்டையின் முழுக்கை தெரிந்தது, பிறகு தோள்பட்டை நட்சத்திரங்கள், கடைசியில் இன்ஸ்பெக்டரின் மீசை.

ரைட்டரம்மா முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு குலுங்கினார்.

“சார்,” என்றார் பதிவர் பவ்யமாக, “குண்டு சொல்றது சரின்னா நீங்க உள்ள போகணும். தப்புன்னா எங்க மாமனார் வீட்டுக்குப் போகணும். எதுன்னு நீங்களே சொல்லுங்க.”

இன்ஸ்பெக்டர் கூட்டத்தைப் பார்த்தார், ஊசலாரைப் பார்த்தார், தன் கையையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு மாமனாரை வாசல் பக்கம் போகச் சொன்னார். கம்பிக்குப் பின்னால் காலியான இடம் வீணாகவில்லை, ஊசலாரை அதில் உட்கார வைத்தார்கள்.

மாமனாரோடு வெளியே வந்த பதிவரை ஒரு அம்மாள் வழிமறித்தார். “தம்பி, அவரையே ஜெயிச்சுட்டீங்க. உங்களுக்கு அவரைவிடப் பெரிய சக்தி இருக்கு. என் மோதிரம் எங்கன்னு நீங்களே பார்த்துச் சொல்லிடுங்க.”

பின்னாலேயே பத்துப் பேர் வரிசை கட்டிவிட்டார்கள்.

பதிவர் தலையில் அடித்துக்கொண்டார். “சக்தியும் இல்லை, மண்ணும் இல்லைம்மா. அவர் கண்ணைக் கட்ட ஒரு துண்டு போதுமா இருந்துச்சு. நீங்க எல்லாரும் வீட்டுலயே உங்க கண்ணைக் கட்டிக்கிட்டு வந்தா, அதை நான் வந்து அவிழ்க்க முடியுமா?”