மண்ணுக்குப் பதிலாக மூன்று மாதிரிகள்

அன்புள்ள மைத்துனனுக்கு அத்தான் எழுதிக்கொள்வது. இங்கு நான் சுகம். உன் அக்கா சுகமாகிக்கொண்டு வருகிறாள். அங்கு நீங்களும் சுகம் என்றே வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

அவளுக்குச் சிறுநீரகம் மாற்றிய டாக்டர், "வீட்டில் மண் தொட்டியே கூடாது, கிருமி தொற்றும்" என்றதும், பால்கனியில் இருந்த அத்தனை தொட்டியையும் நான் அள்ளிக்கொண்டுபோய் அக்கம்பக்கத்தில் கொடுத்தது உனக்குத் தெரியும். அன்றிலிருந்து அவளுக்குப் பேச்சே குறைந்துபோச்சு. "சாப்பிட்டியா?" "ம்." "மாத்திரை?" "ம்." மூணு மாசமா வீடே ஊமையா இருக்கு. அதனால்தான் நீ மண்ணில்லாத் தோட்டத்துக்குக் குழாயும் மோட்டாரும் அனுப்பினப்போ எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனா வேர் பிடிச்சு நிக்க மண்ணுக்குப் பதிலா எதைப் போடணும்னு நீ எழுதவே இல்லையேப்பா!

நானோ முப்பத்திரண்டு வருஷம் ஸ்டோர் கீப்பர். மூணு கொட்டேஷன் இல்லாம துடைப்பம்கூட வாங்கினவன் இல்ல. மூணு கடையில மாதிரி கேட்டேன். முதல்ல தேங்காய் நார்த்தூள் கட்டி. செங்கல் அளவுதானேன்னு குளியலறை வாளியில ஊறப்போட்டா, அது உப்பி உப்பி வாளியைத் தாண்டி, அலச அலசப் பழுப்புத் தண்ணி விட்டு, குழாய் அடைச்சு, தண்ணி கீழ ஒழுகி, வீட்டுக்குள்ளேயே குடை பிடிச்ச கீழ்வீட்டுக்காரர் அதே குடையோட மேல வந்து, "சார், என்ன காய்ச்சறீங்க?"ன்னு கேட்டார். அடுத்தது பெர்லைட், எரிமலைக் கல்லைப் பொரிச்ச துகளாம். வெள்ளையா, ஊதினா பறக்கும். பையைப் பிரிச்சதும் தூசி கிளம்ப, ஐயோ அவளுக்கு ஆகாதேன்னு அறைக்கதவைச் சாத்தி அரைநாள் அவளை வெளியவே விடல. மூணாவது, சுட்ட களிமண் உருண்டை. சுட்டாலும் மண்ணு மண்ணுதானேன்னு டாக்டரைக் கேட்க எழுந்தவன், சிந்தின உருண்டை மேல கால் வெச்சு மல்லாந்துட்டேன். உன் அக்கா வந்து பார்த்தா. "எலும்பு முறிஞ்சுதா?" "இல்ல." "அப்ப எழுந்திருங்க." இந்த மூணு மாசத்துல அவ பேசினதுலயே நீளமான பேச்சு அதுதான். எனக்கு வலியே தெரியல மச்சான்.

ஒப்பீட்டுப் பட்டியல் போட்டுப் பதினெட்டு நாளாச்சு. உண்மையைச் சொல்றேன், பயமா இருக்கு. நான் எடுத்தது தப்பாகி முதல் நாத்தே அழுகிப்போச்சுன்னா, அவ அப்புறம் எதையுமே நட மாட்டா. அதனால நீயே ஒண்ணை முடிவு பண்ணி ஒரு மூட்டை அனுப்பு. பழி வந்தா உன்மேல வரட்டும், நீதான் தூரத்துல இருக்கியே.

உன் மனைவியை விசாரித்ததாகச் சொல்லவும். பிள்ளைகள் நோயில்லாமல் வளர என் ஆசிகள்.

இப்படிக்கு,
இடுப்புப் பிடிப்புடன்,
அத்தான்

பின்குறிப்பு: மூட்டை வேண்டாம். உறை ஒட்டப் பசை தேடி அடுப்படிக்குப் போனேன். ஜன்னலோரம் ஒரு தட்டு. பாத்திரம் தேய்க்கிற புது ஸ்பாஞ்சைத் துண்டு துண்டா வெட்டித் தண்ணியில வெச்சிருக்கா. ஒவ்வொண்ணுலயும் ரெண்டு இலை. "எப்ப விதை போட்டே?"ன்னேன். "ஒரு வாரமாச்சு. மூணு கடைக்காரனைக் கேட்டீங்க, டாக்டரைக் கேட்கப் போனீங்க, இப்ப என் தம்பியைக் கேட்கறீங்க. செடி வளர்க்கிறவ இங்கதானே இருக்கேன், என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?" அப்புறம் அரைமணி நேரம், கல்யாணமான நாள்லேர்ந்து ஆரம்பிச்சு, வாய் ஓயாமத் திட்டினா. நான் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து கேட்டேன்.