1117-ல் இருபத்து நான்கு

வேலை இல்லாதவனிடம் அறிவு இருக்கலாம். அதை நாலு பேர் பார்க்க வெளியே எடுக்கக் கூடாது. எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு என்னைவிட நல்ல சாட்சி கீழ்க்கட்டளையில் கிடையாது.

இரண்டாயிரத்து இரண்டாம் வருஷப் பொங்கல். நான் இன்ஜினியரிங் முடித்து வீட்டில் உட்கார்ந்திருந்தேன். கம்ப்யூட்டர் கம்பெனிகள் புதிதாக ஆள் எடுக்காததோடு, எடுத்த ஆட்களையும் வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம். எனக்கிருந்த ஒரே உத்தியோகம், பஸ் ஸ்டாப்பில் நின்று போகிற வருகிற வண்டி நம்பர்களில் இருபத்து நான்கை வரவழைப்பது. நம்பரின் நான்கு இலக்கங்களையும் ஆளுக்கொரு தடவை பயன்படுத்திக் கூட்டலாம், கழிக்கலாம், பெருக்கலாம், வகுக்கலாம். 4611 வந்தால் நாலாறு இருபத்து நான்கு, மிச்சமுள்ள ஒன்றுகளாலும் பெருக்கிவிட்டால் தீர்ந்தது. வண்டி திருப்பத்தில் மறைவதற்குள் முடித்துவிடுவேன். (இதற்கு யாரும் சம்பளம் தருவதில்லை.)

எங்கள் காலனிச் சங்கச் செயலாளர் அந்தப் பொங்கல் விழாவுக்கு ஒரு தொழிலதிபரைச் சிறப்பு விருந்தினராகப் பிடித்திருந்தார். பல்லாவரம் பக்கம் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை அவருடையது. அப்பா செயலாளரிடம் போய் என் கதையைச் சொல்லி அழாத குறையாகக் கேட்டிருக்கிறார். அவரும் இரக்கப்பட்டு ஒரு திட்டம் போட்டுக் கொடுத்தார். அறிவுத்திறன் போட்டியை நான் நடத்த வேண்டும். முதலாளி என் திறமையைப் பார்ப்பார். அந்தச் சூட்டோடு அப்பா என் பயோடேட்டாவை நீட்ட வேண்டும். அப்பா காலையிலிருந்தே இஸ்திரி போட்ட சட்டையும் கையில் பிளாஸ்டிக் ஃபைலுமாகப் பந்தலோரம் நின்றார். உட்கார்ந்தால் சட்டை கசங்கிவிடுமாம்.

போட்டிக்கு நான் ஒழுங்காக ஒரு கணக்குத் தயார் செய்துதான் வைத்திருந்தேன். கெடுத்தது முதலாளியின் பேச்சு. கீழிருந்து உழைத்து மேலே வந்தவர், பேச்சும் அப்படியே பட்டவர்த்தனம். தன் வண்டி நம்பர் 1117 என்றும், கூட்டினால் பத்து, பத்தைக் கூட்டினால் ஒன்று என்றும், காத்திருந்து அந்த நம்பரை வாங்கிய பிறகுதான் தொழில் ஏறுமுகம் ஆயிற்று என்றும் மைக்கில் சொன்னார். எனக்குள் ஒரு மின்னல் அடித்தது. ஐஸ் வைக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் வருமா? என் கணக்கை அழித்துவிட்டு, கரும்பலகையில் 1 1 1 7 என்று எழுதினேன். ஐயாவின் ராசியான நம்பரிலிருந்து இருபத்து நான்கைக் கொண்டுவருபவருக்கு ஐயா வழங்கும் பிரஷர் குக்கர் என்று அறிவித்தேன். கைதட்டல் காதைப் பிளந்தது. முதலாளி முகமெல்லாம் பல்.

வருமா என்று போட்டுப் பார்த்தாயா என்கிறீர்கள். பார்க்கவில்லை. எல்லா நம்பரிலும் எனக்கு வந்திருக்கிறது, இதில் மட்டும் வராமல் எங்கே போகும் என்ற திமிர்.

வரவில்லை. காலனியே தரையில் உட்கார்ந்து எழுதியது. பதினைந்து வந்தது, பதினாறு வந்தது, பலருக்கு இருபத்தொன்று வந்தது. இருபத்தொன்று கண்ட ஒரு மாமா, குக்கர் வேண்டாம், அதன் மூடியையாவது கொடு என்று வாதாடினார். மியூசிக்கல் சேருக்குப் போட்ட நாற்காலிகள் காய்ந்தன. வெண்பொங்கல் ஆறிக் கட்டியானது. நான் 'வரும், யோசிங்க' என்று சிரித்துக்கொண்டே உள்ளங்கையில் போட்டுப் பார்க்கிறேன், வியர்வையில் மை கரைகிறது. முதலாளியே அழைப்பிதழின் பின்பக்கத்தில் போட ஆரம்பித்துவிட்டார். தன் நம்பர் தன்னைக் கைவிடாது என்று அவருக்கு அத்தனை நம்பிக்கை.

"இன்னா தம்பி, என் நம்பர்ல வருமா வராதா?" என்றார் கடைசியில்.

பதில் சொன்னது நான் இல்லை. காட்டாங்குளத்தூரில் படித்துக்கொண்டிருந்த என் தங்கை தேவி, பெண்கள் வரிசையிலிருந்து எழுந்து நிதானமாகச் சொன்னாள். "வராதுண்ணா. மூணு ஒண்ணையும் கூட்டினா மூணு, அதை ஏழால பெருக்கினா இருபத்தொண்ணு. அந்த நம்பரால முடிஞ்சது அவ்வளவுதான். அதுக்கு மேல போகவே போகாது."

முதலாளியின் முகம் சுருங்கியது. இதோடு வாயை மூடிக்கொண்டிருந்தால்கூடப் பிழைத்திருப்பேன். அவரை எப்படியாவது சமாதானப்படுத்த வேண்டும் என்ற தவிப்பில், மூளை வேகமாக ஓடி ஒரு விடையைக் கண்டுபிடித்துவிட்டது. சந்தோஷமாக மைக்கைப் பிடித்தேன்.

"சார், நீங்க மட்டும் ஏழுக்குப் பதிலா எட்டு வாங்கியிருந்தீங்கன்னா, அழகா வந்திருக்கும்."

எட்டு. சனியின் எண். அந்த எண் வந்துவிடக் கூடாதென்று வீட்டு விலாசத்தையே மாற்றி எழுதும் ஊரில், ஒன்றுக்காகக் காத்துக் கிடந்த மனுஷனுக்கு நான் எட்டைச் சிபாரிசு செய்திருக்கிறேன், அதுவும் மைக்கில், அதுவும் பண்டிகை நாளில். முன்வரிசைப் பெண்மணி ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். முதலாளி சால்வையை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டுக் காரை நோக்கி நடந்தார். செயலாளர் பின்னாலேயே ஓடியும் நிற்கவில்லை. அப்பா கார்க் கதவருகே ஃபைலை நீட்டியதை நான் மேடையிலிருந்து பார்த்தேன். கண்ணாடி ஏறியது. 1117 தெருமுனையில் திரும்பிப் போனது.

வீடு வரைக்கும் அப்பா ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். திட்டியிருந்தால் தேவலை. சட்டை இன்னும் கசங்காமல்தான் இருந்தது. கேட்டைத் திறக்கும்போது கேட்டார், "ஏன்டா, இருபத்தொண்ணுதான் வரும்னா, அந்த இருபத்தொண்ணையே கேட்டிருக்கக் கூடாதா?"

அதோடு அந்த எண் எங்கள் குடும்பச் சொத்தாகிவிட்டது. தேவிக்கு மார்க் குறைந்தால் இருபத்தொண்ணு. அம்மாவின் ரசத்தில் புளி குறைந்தால் இருபத்தொண்ணு. அடுத்த வருஷம் கிண்டியில் ஒரு கூரியர் ஆபீஸில் கட்டுகளை எண்ணும் வேலை கிடைத்து, தலையைக் குனிந்துகொண்டு வந்து சொன்னேன். அப்பா உள்ளே திரும்பி, "அவனுக்கு இருபத்தொண்ணு வந்துடுச்சு, சர்க்கரை எடுத்துட்டு வா" என்றார்.

கல்யாணத்துக்குப் பிறகாவது இது ஓயும் என்று நினைத்தேன். மனைவிக்கு மறுவீட்டு விருந்திலேயே தேவி முழுக்கதையையும் சொல்லிவிட்டாள். இப்போதெல்லாம் யாராவது எங்கள் சம்பந்தம் எப்படி அமைந்தது என்று கேட்டால், என் மனைவி யோசிக்காமல் சொல்கிறாள்: "எங்கப்பா இருபத்து நாலுதான் தேடினார். கடைசியில அவருக்கும் முடிஞ்சது இவ்வளவுதான்."